பின்விரல் இல்லாத காடை

எங்கள் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இரண்டு காடைகள் குளத்துப் பறவைகளோடு நின்றன. கானாங்கோழிக்கும் நாமக்கோழிக்கும் நடுவே, நீரில் ஒரு நாளும் கால் வைக்காத அந்தப் புதர்க்காட்டுப் பறவைகளைக் கண்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலுப்பூருக்கு அருகே, செம்மண் மேட்டில் ஓட்டுக் கட்டடமாக நின்ற உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். பள்ளியின் பின்சுவரை அடுத்துச் சூரையும் காரையும் கோரைப்புல்லும் மண்டிய தரிசு தொடங்கும். அது கண்ணுக்கு எட்டிய வரை போகும். அந்தத் தரிசிலிருந்து காலை முதல் வகுப்பின்போது ஒரு முழக்கம் வரும். தொலைவில் பேருந்து மேடேறுவது போல் அடங்கிய குரலில் தொடங்கி, மெல்ல வலுத்து, சட்டென நின்றுவிடும். பேருந்து என்றே நான் இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். அது காடையின் குரல் என்று சொன்னவர் எங்கள் அறிவியல் ஆசிரியை.

அவர் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆசிரியர் அறையில் இருந்த ஒரே பெண். அவருடைய பணி ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்பட்ட தற்காலிகப் பணி. அவ்வாண்டு பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்து எழுதும் அறிக்கையைப் பொறுத்தே அது நிலைபெறும் என்று சொல்லிவிட்டார்கள். நிலைபெறாவிட்டால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இனி வெளியூர் வேலை வேண்டாம் என்று அண்ணன்மார் முன்பே முடிவு செய்திருந்தனர். இதை அவர் எங்களிடம் ஒருமுறைதான் சொன்னார். அதன் பிறகு பேச்சையெல்லாம் பறவைகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அலமாரி அவருடைய படைப்பு. சந்தையில் பறவை விற்பவரிடமிருந்து இறந்த பறவைகளை வாங்கி, தோலுரித்து, பஞ்சடைத்துத் தாமே பாடம் செய்வார். மேல் தட்டில் இரைதேர் பறவைகள். அடுத்ததில் கவுதாரி, காட்டுக்கோழி, காடை முதலிய கோழிக் குடும்பத்தார். அதற்கும் கீழே குளத்துப் பறவைகள். சந்தைக் காடைகளில் இரண்டு வகை உண்டு என்பதை அவரே எங்களுக்குக் காட்டினார். இரண்டும் கைக்குள் அடங்குவன. இரண்டும் காய்ந்த புல்லின் நிறம். இரண்டும் பறப்பதைவிட ஓடி ஒளிவதையே விரும்புவன. ஆனால் ஒன்றன் காலைத் திருப்பிப் பார்த்தால், கோழிக்கு இருப்பது போலப் பின்னால் ஒரு சிறுவிரல் இருக்கும். மற்றதற்கு அது இல்லை. முன்விரல் மூன்றே. அந்த ஒரு விரலை வைத்து, அதைக் கோழிக் குடும்பத்திலிருந்தே நீக்கி, கானாங்கோழியின் உறவினர் என்று தம்மிடமிருந்த ஆங்கில நூலில் எழுதியிருப்பதாக அவர் சொன்னார். அதனால்தான் அவை குளத்துத் தட்டுக்கு இறங்கின. அந்த வகைப்பாடும் நிலைக்கவில்லை. இப்போது அறிஞர்கள் அதனைக் கடற்கரை உள்ளான்களோடும் ஆலாக்களோடும் சேர்த்துவிட்டார்கள் என்று அண்மையில் படித்தேன். கோட்டைப்பட்டினத்துக் கரையில் அலையோடு ஓடும் பறவைகளுக்கும் எங்கள் தரிசுக் காடைக்கும் உறவாம். அவர் இருந்திருந்தால் இன்னொரு தட்டு செய்திருப்பார்.

பெயர்ச்சீட்டுகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. எல்லாம் நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்பினார். என் கையெழுத்தும் அச்சுப் போல் இருக்கும். ஆசிரியை துண்டுத்தாளில் குறிப்பு எழுதித் தருவார். நான் அட்டையில் படி எடுப்பேன். அவர் விரைந்து எழுதுபவர். இரண்டு இடங்களில் சொல் மாறி விழுந்திருந்ததை நான் சொல்லாமலே திருத்தினேன். அவர் பிறகு பார்த்து, நன்றி என்றார். அந்த நன்றி எனக்குத் தேவைக்கு மிஞ்சிய துணிவைக் கொடுத்துவிட்டது.

மூவிரல் காடைகளுக்கான குறிப்பு ஆய்வுக்கு முந்தைய மாலைதான் என் கைக்கு வந்தது. கழுத்துக் கறுத்த பெரிய பறவை பெண் என்றும், கழுத்து வெளுத்த சிறிய பறவை ஆண் என்றும் எழுதியிருந்தது. அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். நான் படித்த பழைய இலக்கணம் பறவைகளின் ஆணைச் சேவல் என்னும். மயிலுக்கு மட்டும் அப்பெயரை மறுக்கும். தோகை விரித்த மயிலின் சாயல் மகளிரை ஒத்திருப்பதால் என்று உரைகாரர் அதற்குக் காரணமும் சொல்வர். அந்த ஒரு விலக்கை அறிந்திருந்ததாலேயே வேறு விலக்கு இராது என்று நான் உறுதியாக இருந்தேன். பெரியதன் காலடியில் ‘சேவல்’ என்றும், சிறியதன் காலடியில் ‘பேடை’ என்றும் எழுதி, மறுநாள் காலையில் முதல் மணிக்கு முன்பே ஒட்டியும் விட்டேன்.

ஆய்வாளர் வந்தார். நடுவயதினர், நகைச்சுவை உடையவர், எதையும் எளிதில் நம்பாதவர். அலமாரியின் முன் நெடுநேரம் நின்றார். குளத்துத் தட்டைக் கண்டதும் அவர் முகத்தில் சிரிப்பு அரும்பியது.

“காடைக்கு எப்பங்க நீச்சல் கத்துக்குடுத்தீங்க, டீச்சர்?”

தலைமையாசிரியர் உரக்கச் சிரித்தார். ஆசிரியை சிரித்தபடியே இரண்டு வகைக் காடைகளையும் வெளியே எடுத்து, கால்களைத் திருப்பிக் காட்டி, பின்விரலின் கதையைச் சொன்னார். ஆய்வாளர் பாதி நம்பினார் என்றுதான் தோன்றியது. பறவைகளை மறுபடி உள்ளே வைக்கும்போது ஆய்வாளர் இணக்கமாகவே சொன்னார்:

“சரி, ஜோடி நல்லா அமைஞ்சிருக்கு. ஆம்பளைக்குத் தாடி கறுகறுன்னு இருக்கு பாருங்க.”

“இல்லைங்க சார், தாடி உள்ளதுதான் பொண்ணு,” என்றார் ஆசிரியை.

அவர் அப்போதும் சீட்டைப் பார்த்திருக்கவில்லை. ஆய்வாளர் பார்த்தார். குனிந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். “இங்க சேவல்னுல்ல எழுதியிருக்கு. உங்க சீட்டே உங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லுதே, டீச்சர்.”

ஆசிரியை சீட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் வாசலருகே நின்று கண்டேன். என் எழுத்து என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் திருத்தம் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சீட்டு தவறு, பறவை சரி என்று மட்டும் சொன்னார். காட்சிக்கு வைத்ததையே அறியாத ஆசிரியர், பின்விரலைப் பற்றிச் சொன்னதை மட்டும் எப்படி நம்புவது என்று ஆய்வாளர் கேட்டார். பேச்சில் கடுமை இல்லை. ஆனால் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

அந்த மூடி கழலும் வரை நான் பேசவில்லை. இதை இன்று எழுதும்போதும் அந்தச் சில கணங்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிறகுதான், குறிப்பில் சரியாகவே இருந்தது, மாற்றி எழுதியவன் நான் என்றேன்.

“எதை வச்சு மாத்துனீங்க, தமிழய்யா?”

“வழக்கத்தை வைத்து.”

“பறவையைப் பாத்தீங்களா?”

“இல்லை. குறிப்பை மட்டும் பார்த்தேன்.”

ஆய்வாளர் பேனாவை மூடினார். அது எனக்கு இரங்கி அன்று. இப்போது தமிழாசிரியர் ஒன்று எழுதியிருக்கிறார், அறிவியல் ஆசிரியை ஒன்று சொல்கிறார், இரண்டு பறவைகளும் பஞ்சாக நிற்கின்றன, எதை எழுதுவது என்றார். அப்போது ஆசிரியை, உயிரோடு இருப்பதையே காட்டலாம், நாளை விடியலில் பின்பக்கத் தரிசுக்கு வர முடியுமா என்று கேட்டார். தலைமையாசிரியர் வியர்த்தார். ஆய்வாளர் இலுப்பூரில் தங்குவதாக இருந்ததால் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் நால்வரும் பள்ளிச் சுவருக்கு அப்பால் பனி நனைத்த புல்லில் நின்றோம். தலைமையாசிரியர் வரவில்லை, நான்காமவர், சந்தையில் பறவை விற்பவர். என் வயதுதான் இருக்கும். ஆவணி மழைக்குப் பின் புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. அவர் கையில் மூங்கில் கூண்டு. அதனுள் கறுத்த கழுத்துடைய காடை ஒன்று. அதை அவர் ‘பார்வை’ என்றார்: தன் இனத்தைக் காட்டி இழுக்கும் பறவை. கூண்டைப் புதரடியில் வைத்து, முன்னால் சிறுவலையைத் தாழ்வாகக் கட்டி, எங்களை இருபது அடி தள்ளி உட்காரச் செய்தார். ஆய்வாளர் கால்சட்டை நனைவதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்தார்.

கூண்டுப்பறவை கழுத்தை உப்பிக்கொண்டு முழங்கியது. நான் பேருந்து என்று நம்பிய அதே குரல். அருகிலிருந்து கேட்டபோது அது காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் படுவது போல இருந்தது. சிறிது நேரத்தில் புதருக்குள்ளிருந்து இன்னொரு முழக்கம் எதிர் வந்தது. புல் ஒரு கோடாக அசைந்தது. கறுத்த கழுத்தோடு ஒரு காடை கூண்டை நோக்கிச் சண்டைக்குப் பாய்ந்து வலையில் விழுந்தது. அரை மணிக்குள் இரண்டு விழுந்தன. இரண்டுக்கும் கழுத்துக் கறுப்பு.

சண்டைக்கு வருவது சேவல்தானே என்றார் ஆய்வாளர். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. பறவைக்காரர் எழுந்து, முன்னாலேயே பார்த்துவைத்திருந்த ஒரு புல்கற்றைக்கு எங்களை அழைத்துப் போனார். குச்சியால் புல்லை விலக்கினார். உள்ளே, கழுத்து வெளுத்த சிறு காடை ஒன்று தரையோடு தரையாக ஒடுங்கிக் கிடந்தது. குச்சி ஒரு சாண் தொலைவுக்கு வரும் வரை அது அசையவில்லை. பிறகு பறக்காமல் விலகி ஓடி, நான்கு அடி தள்ளி எங்களைப் பார்த்து நின்றது. புல்லின் குழியில் கரும்புள்ளி தெறித்த நான்கு முட்டைகள்.

“பேடை அடைகாக்குது. தமிழய்யா எழுதுனதுதானே சரி?” என்றார் ஆய்வாளர்.

பறவைக்காரர் அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “அது ஆம்பளைங்க, சார். பொம்பளை முட்டையிட்டுட்டு அங்கிட்டு வேற மாப்பிள்ளை பாக்கப் போயிரும். இங்கிட்டு அடைகாக்குறது, குஞ்சை மேய்க்கிறது எல்லாம் இவன் பாடு. அதான் நாங்க சண்டைக்கு வர்றதை மட்டும் புடிக்கிறது. இவனைப் புடிச்சா குஞ்சு பொழைக்காது. எங்க ஆளுக தொட மாட்டோம்.”

பிறகு வலையில் விழுந்த இரண்டில் ஒன்றை ஆய்வாளர் கையில் வைத்து, அடிவயிற்றைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஆய்வாளர் விரலால் தடவினார். தோலுக்கு அடியில், இடப்படாத ஒரு முட்டை தட்டுப்பட்டது. அவர் பறவையை என்னிடம் நீட்டினார். நானும் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பான அந்தச் சிறு உருண்டையின் மேல் என் விரல் பட்டபோது, படித்தது ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பறவையைத் திருப்பிப் பிடித்து மூன்று விரல்களையும் எண்ணினேன்.

“அவன் பாவம்,” என்றார் ஆய்வாளர், புல்லுக்குள் திரும்பிக்கொண்டிருந்த சேவலைப் பார்த்து.

“பாவம் என்னங்க சார். அவன் வேலையை அவன் பாக்குறான்,” என்றார் பறவைக்காரர். ஆசிரியை அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். முட்டை இருந்த பேடையை விட்டுவிடும்படி கேட்டார். பறவைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே விட்டார்.

அறிக்கையில் என்ன எழுதப்போகிறார் என்று சொல்லாமலே ஆய்வாளர் அன்று புறப்பட்டுப் போனார். அந்த முற்பகலிலேயே நான் புதிய சீட்டுகள் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பறவையையும் கையில் எடுத்துப் பார்த்தே எழுதினேன். முப்பத்தாறு சீட்டுகளுக்கு மூன்று நாள் ஆனது. தவறைப் பற்றி ஆசிரியை என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பிறகு காத்திருப்பு. ஐப்பசி மழையில் தரிசு முழுவதும் பச்சையானது, முழக்கம் ஓய்ந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போனபோது, துணிப்பெட்டியோடு புத்தகங்களையும் எடுத்துச் சென்றதைப் பார்த்து எனக்கு மனம் கலங்கியது. விடுமுறை முடிந்து புத்தகங்களோடு திரும்பி வந்தார். அண்ணன் பங்குனி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று, நான் கேளாமலே சொன்னார்.

மாசியில் ஒரு நாள், இடைவேளையில், அஞ்சல் உறை ஒன்றைக் கையில் பிடித்தபடி ஆசிரியர் அறைக்கு வந்தார். உறையின் வாய் பிரிந்திருந்தது. என் மேசை முன் நின்று, அதிலிருந்த தாளை நான்காக மடித்தபடியே என்னிடம் நீட்டினார். குரலில் குறும்பு இருந்தது.

“நிரந்தரம்னு எழுதியிருக்காங்க, தமிழய்யா. படிச்சுப் பாத்து, மாத்தணும்னா இப்பவே மாத்திருங்க.”

நான் மடிப்பைப் பிரிக்கவில்லை. நீங்கள் படித்தாகிவிட்டதல்லவா, அது போதும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை உறைக்குள் வைத்துக்கொண்டு, மணி அடித்ததால், தம் வகுப்புக்குப் போனார்.