அப்பான்ரை செருப்பிலை நாலு சில்லு

தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு ஐப்பசி மழைக்கை, ஆமி வருதெண்டு நீர்வேலியிலை எங்கடை வீட்டைப் பூட்டிப்போட்டு, ஊரோடை ஊராய் நடந்து தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தம். நான், என்ரை மனுசன், அஞ்சு வயசு மகள். ஒரு வகுப்பறையிலை மூலை ஒண்டு கிடைச்சுது. நனைஞ்ச சீலையைப் பிழிஞ்சு விரிக்கேக்கை இவர் தலையிலை கை வைச்சார்.

"ஐயோ, மாட்டை அவிட்டுவிடேல்லையப்பா!"

வெளிக்கிட்ட அவதியிலை பால்மாட்டைக் கட்டினபடி விட்டிட்டு வந்திட்டம். மேயவிடேக்கைகூடக் கழுத்துக் கயிறைக் கழட்டிக் கட்டையிலை வடிவாய்ச் சுத்தி வைக்கிற மனுசன். அண்டைக்கு அவருக்குச் சோறு இறங்கேல்லை. நான் சும்மாவே வாய்க்காரி. "மனிசர் சாகுது, உங்களுக்கு மாடோ?" எண்டு பேசினன். கேட்டால்தானே! விடிய ஒரு சைக்கிளை ஆரிட்டையோ கெஞ்சி வாங்கினார். வந்த வழியிலை சேத்துக்கை ஒரு செருப்பின்ரை வார் அறுந்து, சட்டைப்பின் குத்தித்தான் இழுத்துக்கொண்டு வந்தவர். "சைக்கிளிலைதானே, செருப்பெதுக்கு?" எண்டு சோடியை என்னட்டைத் தந்து, மகளின்ரை கன்னத்தைக் கிள்ளி, "அவிட்டுவிட்டிட்டு ஓடி வாறன்" எண்டார்.

வரேல்லை.

ஊர்ப்பக்கமிருந்து பாலத்தாலை வாற எல்லாரையும் மறிச்சுக் கேட்டன். ஆரும் காணேல்லையாம். பேந்து, நாள் போகப்போக, சனம் என்னைக் கண்டால் கதையை நிப்பாட்டத் தொடங்கிச்சுது. எனக்கு விசர் வரும். வேணுமெண்டே பொட்டைப் பெரிசாய் வைச்சுக்கொண்டு திரிஞ்சன். செருப்புச் சோடியைக் கழுவி, வாசலைப் பாக்க வைச்சிருந்தன். ஆரும் காலாலை தட்டினால் சண்டைக்குப் போவன்.

பிள்ளையள் அழுதுகொண்டு திரியுதுகள் எண்டு, எங்களோடை இருந்த பாலர் வகுப்பு ரீச்சர் ஒருத்தி அதுகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்யப் பழக்கினா. மீன் அடைச்சு வந்த தகர ரின்தான் வண்டி. சைக்கிள் கம்பி அச்சு. பழைய செருப்பை வட்டமாய் வெட்டினால் சில்லு. ஆளுக்கொரு பழைய செருப்பு கொண்டுவரச் சொல்லிவிட்டா.

மகள் ஓடிவந்து வாசலிலை இருந்த செருப்பைத் தூக்கினாள். நான் பறிச்சன்.

"உது அப்பான்ரை. அப்பா வந்து போடோணும்."

அவள் அழேல்லை. "வெறுங்காலோடை நடந்து வந்தால் அப்பாக்கு நோகுமெல்லே? வண்டி செய்தால் நாங்கள் போய் இழுத்துக்கொண்டு வரலாம், அம்மா."

குடுத்தால், அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. குடுக்காட்டி, அவர் வருவாரெண்டு என்னோடை சேர்ந்து நம்புற ஒரேயொரு சீவனின்ரை கையைத் தட்டிவிட்ட மாதிரி. சட்டைப்பின் குத்தின செருப்பை மட்டும் நீட்டினன்.

ரீச்சருக்கு விளங்கியிட்டுது. கத்தியைப் பிடிச்சபடி, "அக்கா, வெட்டட்டோ?" எண்டு கேட்டா. ஓமெண்டு தலையை ஆட்டினன். நாலு சில்லு வந்தது. அதிலை ஒண்டிலை அவரின்ரை பெருவிரல் பதிஞ்ச பள்ளம் அப்பிடியே இருந்தது. மகள் வண்டியை விறாந்தை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். "அப்பா, ஏறுங்கோ! அப்பா, ஏறுங்கோ!" அண்டைக்குத்தான் நான் வாய்விட்டுக் குளறி அழுதன்.

சித்திரையிலை ஊருக்குத் திரும்பினம். வீட்டுக்குக் கூரையில்லை. பின்வளவுக்கு ஓடினன். மாட்டுக்கட்டை நிண்டுது. கயிறு அறேல்லை, மாடு இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. கட்டையிலை வடிவாய்ச் சுத்திக் கிடந்துது, அவர் சுத்திற மாதிரியே.

மனுசன் வீடுவரைக்கும் வந்திருக்கிறார். மகள் அந்த வண்டியைக் கட்டையடிக்கு இழுத்துக்கொண்டு வந்து நிப்பாட்டிப்போட்டு, என்ரை முகத்தைப் பாத்தாள்.

அவிட்டுவிட்டிட்டு வாறன் எண்டு சொன்னதிலை பாதியை அவர் செய்துபோட்டார். மற்றப் பாதிக்காகத்தான் அந்த ஒற்றைச் செருப்பை நான் இண்டைக்கும் வாசலைப் பாக்க வைச்சிருக்கிறன்.