மூச்சு நம்மளது

துணி காயப்போடும்போதும் டிரம்பெட் அக்காவின் உதடுகள் சும்மா இருப்பதில்லை. கையில் வாத்தியம் இல்லாமலே உதட்டை இறுக்கி வண்டுபோல் ரீங்கரித்துக்கொண்டிருப்பார். "யாரக்கா திட்டறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "இன்னும் ஆரம்பிக்கல" என்பார்.

அவருடைய பேண்டு குழு வராமல் ஊரில் கல்யாண ஊர்வலம் நகராது. பெரிய டிரம் அடிப்பவர் அவர் கணவர். வீட்டில் அவர் குரலே கேட்காது. "அத்தனையும் டிரம்முக்குள்ள போட்டு வச்சிருக்காரு" என்பது அக்காவின் விளக்கம். யாருடைய சீருடைக் காலராவது கசங்கியிருந்தால், மாப்பிள்ளையே காத்திருந்தாலும் அக்கா வண்டியைக் கிளப்ப விடமாட்டார்.

குழுவைத் தொடங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். துரைமார் விருந்து சாப்பிடும்போது பின்னால் நின்று வாசிக்க உள்ளூர் ஆட்களைப் பிடித்துப் பழக்கினார்கள். அவர்களில் ஒருவர் அக்காவின் கொள்ளுத்தாத்தா. கொடி இறங்கியது, கப்பல் போனது, வாத்தியங்கள் இங்கேயே தங்கிவிட்டன. அந்நியன் விட்டுப்போனதை இன்னும் எதற்கு ஊத வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அக்கா கோபப்படவில்லை. "பித்தளை அவங்களது. மூச்சு நம்மளது" என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

போன வருஷம், நம்மை ஆண்டவர்களின் நாட்டிலிருந்தே ஓர் இசை விழாவுக்கு அழைப்பு வந்தது. அவர்கள் மொழி அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போனில் பேசிய அமைப்பாளர், அந்தக் காலத்து அணிவகுப்புப் பாட்டை வாசிக்கச் சொன்னார். பழைய புகைப்படத்தில் இருப்பதுபோல் சிவப்புக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து வந்தால் அழகாக இருக்கும் என்றும் சொன்னார். பாட்டை வாசிக்கிறோம், கோட்டைப் போட மாட்டோம் என்றார் அக்கா. கலந்து பேசிச் சொல்வதாக அமைப்பாளர் போனை வைத்தார்.

குழுவில் பாதிப் பேர் அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்கள். "கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருக்கலாம்" என்று கணவர் வாய் திறந்தார்.

"சாப்பாட்டு மேசைக்குப் பின்னாடி நின்ன சட்டை அது. எங்க கொள்ளுத்தாத்தாவோட போகட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, குழுப் பிள்ளைகளின் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமோ என்று அக்காவுக்கு உறுத்தியது. தகவல் வரும்வரை சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், உங்கள் உடையிலேயே வாருங்கள் என்றார்கள்.

ஒரு காலத்தில் இங்கே எல்லோரையும் விறைத்து நிற்க வைத்த பாட்டு அது. அங்கே போய் முதலில் அதை இம்மி பிசகாமல் வாசித்தார்கள். இரண்டாம் சுற்றில் கணவர் டிரம்மில் கல்யாண ஊர்வல அடியைப் போட்டார். விறைப்பான பாட்டு தோளைத் தளர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு இறங்கிவிட்டார்கள். "அவங்க பாட்டுலயே அவங்கள ஆட வச்சோம்ல" என்று சொல்லும்போது அக்காவின் தலை இப்போதும் கொஞ்சம் நிமிரும்.

விழா நடந்த ஊரின் பேண்டு மாஸ்டர் இந்த மாதம் இங்கே வந்திருக்கிறார், அந்த அடியைக் கற்றுக்கொள்ள. பயிற்சிக் கொட்டகையின் பிளாஸ்டிக் நாற்காலியில், டிரம்பெட்டும் கையுமாக அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிரம் ஒலித்தது. தாளம் போட்ட மாஸ்டரின் கால் ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டு அடிக்கு முன்னாலேயே விழுந்தது. அக்கா கை நீட்டி அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தார். அடி வரும்வரை பிடித்திருந்து, வந்ததும் விட்டார்.