முயல்கள் குடித்த மருந்து

அறுபதுகளில் சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். கடலூர் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். காலரா தடுப்பு மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. என் தங்கையைக் காலரா கொண்டுபோயிருந்தது. தடுப்பூசி போட ஊசிக்காரர் வந்தால் எங்கள் குப்பமே படகுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் அந்த வேலையில் எனக்கு அத்தனை ஆசை.

முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். அதன் நெஞ்சு படபடவென்று என் தொடையில் அடிக்கும். மெல்லிய ரப்பர் குழாய் வழியாக, செத்த கிருமிகள் கலந்த நீரை விடுவேன். ஒப்பிட்டுப் பார்க்க, பாதி முயல்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர்தான். சில வாரம் கழித்துக் காது நரம்பில் ரத்தம் எடுத்து, தெளிந்த நீரை மட்டும் பிரித்துக் கிருமியோடு கலந்து வைப்போம். எதிர்ப்புச் சக்தி இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திப்பிதிப்பியாகத் தெரியும்.

ஒருநாள், உப்புத் தண்ணீர் குடித்த முயலின் சோதனைக் குழாயிலும் திப்பி தெரிந்தது. ஓடிப்போய்க் கூண்டைப் பார்த்தேன். உள்ளே காது கிழிந்த முயல். அதற்கு நானே மருந்து கொடுத்தது நன்றாக நினைவிருந்தது. கூண்டு கழுவிய நாளில் நம்பர் அட்டைகளை மாற்றி மாட்டிவிட்டேன்.

"மச்சான், வாயத் தொறக்காத. அட்டைய திரும்ப மாத்தி மாட்டிட்டா யாருக்குத் தெரியும்?" என்றான் கூட வேலை பார்த்தவன்.

ஆய்வை நடத்திய டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"வேற எந்த அட்டையெல்லாம் மாறுச்சு?"

"தெரியல மேடம்."

"அப்ப எல்லாம் வீண். புது முயல் வாங்கி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் புது முயல்கள் வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். இந்த முறை காதிலேயே மையால் குறி போட்டேன். மருந்து குடித்தவற்றில் சிலவற்றுக்கு லேசாகத் திப்பி கட்டியது. உப்புத் தண்ணீர் குடித்தவை ஒன்றிலும் இல்லை. டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் பிடித்து, "நீயே பாரு" என்று என் கையில் கொடுத்தார்.

அன்று ரயிலில் எனக்கு உட்காரவே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"முயலுக்கு ஒத்துக்கிச்சா? நமக்கு எப்ப வரும்?"

"அதுக்கு ரொம்ப நாளாவும்மா."

மறுநாள் மீன் விற்கப் போன தெருவெல்லாம், "எம் புள்ள முயலுக்கு வைத்தியம் பாக்குறான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்கள்.