நாற்காலியில் வைத்த சால்வை

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு பச்சைச் சால்வை இருக்கிறது. பளபளவென்று ஜரிகை போட்டது. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை பழுப்பேறிவிட்டது. பூச்சி உருண்டை வாசம் நூலுக்குள் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் மருமகள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு, "இத்த யாருக்கு அத்தே இன்னும் வெச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்பாள். ஒருத்தருக்காக வாங்கினது, அவர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொல்வேன். சால்வையை யாராவது வேண்டாம் என்பார்களா என்று அவளுக்கு ஆச்சரியம். அன்றைக்கு எனக்கும் அதே ஆச்சரியம்தான். ஆச்சரியம் என்பதைவிடச் சந்தேகம் என்று சொல்வதே சரி.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால், தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையோரம் எங்கள் கலை மன்றத்தின் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, சிமெண்ட் மேடை, மடக்கு நாற்காலிகள். பொங்கலுக்கு நாடகம், சித்திரையில் பட்டிமன்றம், நடுவில் யார் வீட்டுப் பெண்ணாவது சலங்கை கட்டினால் அரங்கேற்றம். பகலில் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனி அலுவலகத்தில் டைப் அடிப்பேன். மற்ற நேரம் மன்றத்துக்குச் செயலாளர். இடத்தைக் கொடுத்து மன்றத்தை ஆரம்பித்த பெரியவர் இறந்துபோனபின் தலைவர் நாற்காலி காலியாகவே கிடந்தது, கூரையும் ஒழுகியது. அப்போதுதான், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் வருடங்களில், முதலாளியம்மா வந்தார்.

அவர் கடம்பத்தூர் பக்கத்துக்காரர். அப்பாவின் போல்ட், நட்டுப் பட்டறையை எங்கள் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் குழாய்த் தொழிற்சாலையாக வளர்த்தவர். அதோடு நிற்காமல் சென்னையில் படுத்துக் கிடந்த ஒரு நாடக சபாவுக்குத் தலைவராகி அதை எழுப்பி உட்கார வைத்தார். பிறகு ஒரு நாட்டியப் பள்ளியின் அறக்கட்டளை, அதற்குப் பிறகு பழைய வாத்தியங்களைச் சேர்த்து வைத்த ஓர் அருங்காட்சியகம். பத்திரிகையில் படம் வருகிற ஆள். அப்படிப்பட்டவர் எங்கள் ஒழுகல் கொட்டகைக்குத் தலைவராக வரச் சம்மதித்தார் என்றால் எனக்கு மூக்கில் வியர்க்காதா? பிறவியிலேயே எனக்குச் சந்தேகப் புத்தி. காய்காரர் கொசுறாகக் கொத்தமல்லி தந்தாலே கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

பதவியேற்பு அன்று அந்தப் பச்சைச் சால்வையைப் பிரித்துக்கொண்டு நான்தான் மேடைக்குப் போனேன். என் கை உயர்வதற்குள் அவர் அதை வாங்கிக்கொண்டார். நாலாக மடித்தார். தம் நாற்காலியின் மேல் வைத்தார். மைக்கைப் பிடித்து, "வந்ததற்கு நன்றி. நாடகத்தை ஆரம்பியுங்கள்" என்றார். அவ்வளவுதான். கடைசிவரை ஓரமாக நின்றுகொண்டே நாடகம் பார்த்தார். விழா முடிந்து காரில் ஏறியபோது சால்வை நாற்காலியிலேயே கிடந்தது.

எங்கள் ஊர் மேடைகளில் சால்வை என்பது மரியாதை என்றுதான் வெளியே சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது ஒரு கட்டு. போர்த்திக்கொண்டவர், அடுத்த வாரம் நாம் பிள்ளைக்கு வேலை கேட்டுப் போனால் முகத்தைத் திருப்ப மாட்டார். அதேபோல், அவர் கையால் நாம் ஒன்றைப் போர்த்திக்கொண்டால் அவரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டோம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அதனால் சால்வைக்கு ஆசைப்படுபவர்களை எங்களுக்குக் கையாளத் தெரியும். ஆசைப்படாத ஒருவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. துணைத் தலைவர் பழவேற்காட்டிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். டீக்கடை பெஞ்சில் அவர்தான் முதலில் சொன்னார்: "சால்வ வேணாங்குறவங்க சின்னதா எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. பெருசா இன்னாத்தயோ கேக்கத்தான் வந்துக்கீறாங்க. பாத்துக்கினே இரு." மன்றத்துக்கான சால்வைகளெல்லாம் அவர் கடையில்தான் வாங்குவோம், அந்தக் கடுப்பும் அவருக்கு இருந்திருக்கும்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவர் மன்றத்தையும் தொழிற்சாலை மாதிரியே நடத்தினார். பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்துக்கு நாடகம் தொடங்கும். அவர்கள் ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு முன்னால் திரை விழுந்துவிடும். வரவேற்புரை நீண்டால் மேடையோரத்திலிருந்து விசில் அடிப்பார், சூப்பர்வைசர்கள் கழுத்தில் தொங்குமே அந்த விசில். ஒருமுறை ஊராட்சித் தலைவருக்கே அடித்தார். கூட்டம் பெருகியது, உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து பார்த்தார்கள். எனக்கு அதுவும் உறுத்தியது. எதற்காக இப்படி ஊரையே கைக்குள் போட்டுக்கொள்கிறார்?

பிறகு ஒரு நாள் தம் ஆட்கள் இருவரோடு வந்து கொட்டகையை டேப் வைத்து அளந்தார். அந்த இடத்தில் அவருக்குக் குடோன் வரப்போகிறது என்று மறுநாளே ஊரில் பேச்சு. அந்தக் கொட்டகை போய்விட்டால் மன்றம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும். நேராக அவர் முன்னால் போய் நின்று கேட்டேன். மேடையில் பத்திரிகைத் தமிழ் பேசுகிறவர், கோபம் வந்தால் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிடுவார். "ஏம்மா, நாடகம் போட வர்ற பொம்பளைங்க எங்க போவாங்க? ஸ்டேஷனுக்கா ஓடுவாங்க? கக்கூஸ் கட்டத்தான் அளக்கிறேன்" என்றார். சொன்னபடியே பின்பக்கம் கட்டினார், தண்ணீர்க் குழாயோடு. ஆனால் அன்றைக்கு அந்த டேப் பின்பக்கத்தோடு நிற்கவில்லை. முன்பக்கம் சாலை வரைக்கும் போனதை நானே பார்த்தேன். கழிவறைக்கு எதற்குச் சாலை வரை அளக்க வேண்டும்?

கொட்டகைக்கு அடுத்த காம்பவுண்டில் ஓர் உருக்காலை. அதன் முதலாளி எங்களுக்கெல்லாம் வேண்டியவர், ஊரே அண்ணன் என்று கூப்பிடும். அந்த வருட ஆயுத பூஜைக்கு மன்றத்தின் செயற்குழு முழுவதையும் அழைத்து, பொரி, சுண்டல், இனிப்புப் பெட்டியோடு ஆளுக்கொரு சால்வையும் போர்த்தினார். எனக்கு ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தது. முதலாளியம்மா மட்டும் வரவில்லை. தீபாவளி கழிந்ததும் அண்ணனிடமிருந்து சேதி வந்தது. அவருடைய லாரிகள் நெடுஞ்சாலைக்குப் போக எங்கள் கொட்டகை இருக்கும் இடத்தில் ஒரு கேட் வைக்க வேண்டுமாம். பதிலுக்கு ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், ஏசி போட்ட புது அரங்கமே கட்டித் தருவாராம். ரயிலைப் பிடிக்க வேண்டிய ஷிப்ட் ஆட்கள் அங்கே எப்படி வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

செயற்குழு கூடியது. கொடுக்கக் கூடாது என்று எல்லோர் மனதிலும் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பாய் மேசையைப் பார்த்தார். எனக்கும் வாயில் கொழுக்கட்டை. முதலாளியம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அவரு கையால சால்வ வாங்குனவங்கல்லாம் கை தூக்குங்க" என்றார். எல்லாக் கைகளும் மெல்ல எழுந்தன. "சரி, எறக்குங்க. நீங்க பேச முடியாது, எனக்குப் புரியுது. நான் யாருகிட்டயும் வாங்கல, அதனால நான் பேசறேன். தலைவர் கையெழுத்து இல்லாம பத்திரம் போட முடியாது. நான் போட மாட்டேன். கூட்டம் முடிஞ்சிது." விசில் அடிக்காததுதான் பாக்கி.

வெளியே வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உருக்காலை அண்ணன் புதிதாக இரும்புக் குழாய் தயாரிக்கப் போகிறார், அந்தக் கேட் மட்டும் கிடைத்திருந்தால் முதலாளியம்மாவின் வியாபாரத்தில் பாதி போயிருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஆக, எங்கள் மன்றம் அவருக்கு ஒரு தடுப்புச் சுவர். அதற்காகத்தான் தலைவரானாரா? இதை மனதில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது. போய்க் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆமா, அதுவுந்தான்" என்றார். "லாரி திரும்ப எவ்ளோ எடம் வேணும்னு அன்னிக்கே அளந்து பாத்துட்டேன். அவன் இன்னிக்கு இல்லன்னா நாளைக்குக் கேப்பான்னு தெரியும். நாடகமும் எனக்குப் புடிக்கும். இதுல எது மொதல்ல, எது அப்புறம்னு எனக்கே தெரியாது. கொட்டாய் நிக்குதா இல்லியா, அத்தப் பாரு." நான் கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "சந்தேகப்படறத மட்டும் உட்டுடாத. என்னயும் ஒருத்தர் பாத்துக்கினே இருக்கணும். நான் போன எடத்துலல்லாம் அதுக்கு ஒரு ஆள் வெச்சிக்குவேன்." இது பாராட்டா, என்னை மடக்கிப் போடும் வித்தையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார். தொழிலாளர்கள் பார்ப்பதற்காகத் தொழிற்சாலை முற்றத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மன்றத்தின் சார்பில் நாங்கள் வேனில் போனோம். இப்போதாவது போர்த்திவிடலாம் என்று அந்தப் பச்சைச் சால்வையைப் பைக்குள் வைத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் உருக்காலை அண்ணன் நின்றார். ரோஜா நிறத்தில் பெரிய சால்வை ஒன்றைப் பெட்டியின் மேல் விரித்து, போட்டோக்காரர் எடுத்து முடிக்கும்வரை கையைக் கூப்பிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. போய் அந்த ரோஜாச் சால்வையை எடுத்தேன். நாலாக மடித்தேன். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் மேல் வைத்தேன். பாய் பதறிப்போய், "இன்னாம்மா பண்ற? எல்லாரும் பாக்குறாங்க" என்று முழங்கையைப் பிடித்தார்.

"அவங்க வாங்க மாட்டாங்க பாய்" என்றேன்.

பாய் கையை விட்டார். என் பையிலிருந்த சால்வையை நானும் வெளியே எடுக்கவில்லை.

கொட்டகை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. லாரிகள் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. அவர் மனதில் எது முதலில் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. போன மாதம் மன்றத்தில் எனக்கு ஏதோ பாராட்டு என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் ஒரு கம்பெனி முதலாளி சால்வையோடு எழுந்து வந்தார், நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். அவர் கை உயர்வதற்குள் நான் அதை வாங்கிக்கொண்டேன்.