பங்குச் சாமியாரைத் துரத்திய ஒரு நாள்

காலை 8.40. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரம், பின் இருக்கைக்காரர் கைபேசியில் ஜெபக் கூட்டம் கேட்டுக்கொண்டே வந்தார், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். குறைக்கச் சொன்னதற்கு, "ஆண்டவர் வார்த்தை பிரதர், எல்லாருக்கும் போய்ச் சேரட்டும்" என்றார். நானும் கிறிஸ்தவன்தான். அதனால்தான் அவரை அடிக்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் எங்கள் பங்குக் கோயிலில், அதாவது எங்கள் வட்டாரத்து மாதா கோயிலில், மணிக்கூண்டு கட்டுவது பற்றி கமிட்டியோடு ஒரு சண்டை வந்தது. அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை பூசை எனக்கு டிவியில்தான். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் கட்டடம் எதற்கு, கமிட்டி எதற்கு என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

பயணத்தின் காரணம் என் அக்கா பிலோமினா. வயது அறுபத்தாறு. ஏம்பலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார், மகன் மஸ்கட்டில். வயிற்றில் கட்டி, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், பத்து மணிக்கு ஆபரேஷன். "முந்தின நாளே வந்துடுடா" என்று மூன்று முறை போன் செய்திருந்தாள்.

9.15. வில்லியனூர் வழியாகப் போகும் பேருந்து. டிக்கெட் பதினைந்து ரூபாய். ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரும்பு விவசாயி, கேட் ஏன் மூடியிருக்கிறது, ஆலை ஏன் மூடியிருக்கிறது என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆளைத் திட்டினார். யாரை என்று எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் முழு மனதோடு தலையாட்டினேன்.

10.20. அக்கா இளைத்திருந்தாள். முன்கூடத்துச் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவத்தியும் வைத்திருந்தாள். காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள நன்மை வாங்கணும்டா அந்தோணி," என்றாள்.

பூசையில் தரும் அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். வெறும் அப்பம் அல்ல, அது கிறிஸ்துவின் உடல் என்பது எங்கள் நம்பிக்கை. கோயிலுக்கு வர முடியாத நோயாளிக்கு அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது பங்குச் சாமியாரின் கடமை என்றுதான் நான் சிறு வயதிலிருந்து அறிந்தது. மேசையைப் பார்த்தேன், அக்காவின் கழுத்தெலும்பைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கோயிலுக்குச் சந்தா கட்டியவளுக்கு ஒரு சாமியார் வீட்டுக்கு வர மாட்டாரா?

"நீ இரு. அவரைக் கையோட கூட்டிக்கினு வரேன்," என்று எழுந்தேன். அக்கா ஏதோ சொல்ல வந்தாள். "எதுவா இருந்தாலும் வந்து பேசிக்கலாம்," என்று செருப்பை மாட்டினேன்.

10.55. பங்குக் கோயில் மூன்று கிலோமீட்டர். ஆட்டோ எண்பது ரூபாய். சாமியார் வீட்டு வாசலில் சமையல்கார அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பாதர் இல்லியே. பண்டசோழநல்லூர்ல வூடு மந்திரிக்கப் போய்க்கிறாரு."

"போன் நம்பர் குடுங்க."

"போன் இங்கதான் சார்ஜ்ல கீது," என்று ஜன்னலைக் காட்டினார். அதில் ஒரு கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க ஆளில்லை.

11.40. பண்டசோழநல்லூர். புது வீட்டில் மந்திரிப்பு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. சாமியார் கால் மணி நேரத்துக்கு முன் கிளம்பிவிட்டாராம். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்துவிட்டார். யார் என்றே தெரியாத என்னைக் கேசரி சாப்பிடாமல் விட முடியாது என்றார். இரண்டு வாய் சாப்பிட்டேன். புது டைல்ஸுக்குத் தீர்த்தம் தெளிக்க நேரம் இருக்கிறது, நோயாளியைப் பார்க்க நேரம் இல்லை என்று சத்தமாகவே சொன்னேன். பந்தியில் யாரும் மறுக்கவில்லை. ஒருவர் எனக்குச் சாம்பார் ஊற்றினார்.

1.10. பாகூர். ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது. அங்கே கிளைக்கோயிலில் திருவிழாக் கமிட்டிக் கூட்டம். சாமியார் வந்துவிட்டுப் போய்விட்டார், கூட்டம் மட்டும் நின்றபாடில்லை. ஸ்பீக்கர் நான்கா ஆறா என்று இரண்டு கட்சி. ஒன்பது வருடத்துக்கு முன் நான் விட்டுவந்த அதே கமிட்டி, முகம் மட்டும் வேறு. அந்த நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுக்காமல் துண்டித்தேன். மறுபடியும் வந்தது. "சாமியார் இல்லாம வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எதிர்ச் சாரியில் மளிகைக் கடை. நெற்றி நிறைய விபூதியோடு இருந்த கடைக்காரர் விஷயத்தைக் கேட்டார்.

"உங்க பாதரா? கிருமாம்பாக்கத்துல சாவு, அங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. எங்க குருக்களு ஒரே கோயில்ல குந்திக்கினு இருப்பாரு, தேடுறவன் போய்ப் பாத்துக்கலாம். உங்களுது இன்னாங்க, கோயிலே பைக்ல ஏறிப் பூடுது."

நான் சிரிக்கவில்லை. ஒரு சோடா பதினைந்து ரூபாய்.

2.50. கிருமாம்பாக்கம். கடலூர் சாலையில் இறங்கி, வயல் ஓரமாக வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்தேன். கல்லறையில் அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் சாமியார் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தயிர்சாதம். காலையிலிருந்து அதுதான் முதல் சாப்பாடு என்று பிறகு தெரிந்தது.

நான் நின்றபடியே ஆரம்பித்தேன். வீடு மந்திரிப்பதில் தொடங்கி ஸ்பீக்கர் வரை எதையும் விடவில்லை. கோயில் என்பது எதற்கு, கல்லுக்கும் கம்பத்துக்குமா, சாகக் கிடக்கிற மனுஷிக்கா என்று கேட்டேன். அக்கா சாகக் கிடக்கவில்லை, ஆனால் பேச்சு வேகத்தில் அப்படி வந்துவிட்டது. அவர் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அக்கா பேரு என்ன சார்?"

"பிலோமினா."

"பிலோமினாம்மாவா?" அவர் முகம் தெளிந்தது. "அவங்களுக்கு ஸ்டெல்லா நன்மை குடுத்திருப்பாங்களே. காலைப் பூசை முடிஞ்சதும் நற்கருணைச் சிமிழ வாங்கிட்டுப் போனாங்க. அக்கா தெருவுல டெய்லர். பிஷப் அனுமதி குடுத்த பணியாளர் அவங்க. நடக்க முடியாதவங்க எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைல அவங்கதான் கொண்டுபோறாங்க. நான் மாசம் ஒரு தடவை வரேன். அக்கா சொல்லலையா?"

தையற்கார அம்மா நன்மை கொண்டுவரலாம் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் சென்னைக் கோயில்களிலும் நடக்கிறதாம். டிவியில் அதைக் காட்டுவதில்லை.

"உங்களுக்கு ஏதாவது வேணுமா சார்? இன்னும் பத்து நிமிஷம் இங்கதான் இருப்பேன்," என்றார்.

"ஒண்ணும் வேணாம்," என்று திரும்பி நடந்தேன்.

4.45. அக்கா வீடு. மெழுகுவத்திகள் பாதிவரை எரிந்து அணைந்திருந்தன. ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. ஒன்றில் கழுத்தில் இன்ச் டேப்போடு ஒரு பெண். அவர்தான் ஸ்டெல்லா.

"பதினோரு மணிக்கு வந்தோம்ணே," என்றார். "தம்பி வந்துடட்டும்னு அக்கா சொன்னாங்க. ஜெபமாலை சொல்லிக்கினே இருந்தோம். ஒன்றரைக்கு மேல அக்காவால குந்த முடியல. அதான் குடுத்துட்டேன்."

அக்கா கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்தாள்.

"நன்மை எனக்கு வாரா வாரம் வூடு தேடி வருது. உன்கூட சேந்து வாங்கணும்னுதான் முந்தின நாளே வரச் சொன்னேன். அதுக்கு நீ பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அத சொல்றதுக்குள்ள ஓடிட்ட."

அதாவது, நான் சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஒன்பது வருட பாக்கி.

"சாமியாரப் புடிச்சியா?"

"புடிச்சேன்."

"பண்ணியா?"

"இல்லக்கா. சண்ட போட்டேன்."

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் திரும்பி வராம பூட்டா?" என்று மட்டும் கேட்டாள். சென்னையிலிருந்து வந்து ஒரு நாள் முழுக்க அவளுக்காக அலைந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு காப்பி குடிக்கிற நேரம். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை 7.00. ஆஸ்பத்திரி. ஆபரேஷன் மூன்று மணி நேரம். வெளியே பெஞ்சில் நான், ஸ்டெல்லா, இன்னும் இரண்டு பெண்கள். கோயிலில் தெருவுக்குத் தெரு ஏழெட்டு குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அக்காவின் அன்பியத்தார் யார் எந்த நேரம் இருப்பது, யார் கஞ்சி கொண்டுவருவது என்று ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவருக்குள் போன வருடத் திருவிழாவிலிருந்து பேச்சு கிடையாதாம். ஒருத்தி கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள், அடுத்தவள் அதை எடுத்து ஆற்றினாள். ஒன்றே கால் மணிக்கு டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். ஸ்டெல்லா அழுதார். நானும்தான்.

நான்காம் நாள் மதியம் 2.30. அக்கா கஞ்சி குடிக்கத் தொடங்கியபின் கிளம்பினேன். ஸ்டெல்லா பேருந்து நிறுத்தம் வரை வந்தார்.

"உங்க ஊர்ல உங்களுது எந்த அன்பியம்ணே? உங்களுக்கு ஒண்ணுன்னா யாருக்குச் சொல்லணும்னு அக்கா கேட்டு எழுதி வைக்கச் சொன்னாங்க."

அம்பத்தூரில் என் வீட்டிலிருந்து கோயில் எட்டு நிமிட நடை. மணிக்கூண்டு என் மொட்டை மாடியிலிருந்து தெரியும். எங்கள் தெருவில் எத்தனை கிறிஸ்தவக் குடும்பம் என்று எனக்குத் தெரியாது.

"அந்தோணியார் அன்பியம்," என்றேன். என் பெயரைத் தவிர வேறு எந்தப் புனிதரும் வாயில் வரவில்லை. ஸ்டெல்லா அதைக் கைபேசியில் எழுதிக்கொண்டு, நம்பரைப் பிறகு அனுப்பச் சொன்னார்.

பேருந்து நகர்ந்தது. எனக்கு அப்படி ஓர் அன்பியமே கிடையாது. வரும் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதாக இருக்கிறேன். ஒன்பது வருடக் கணக்கில் கடைசியாக இந்தப் பொய்யையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.