கிரேன்காரருக்குத் தெரிந்த ஜன்னல்

ஒன்பது வயதில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு மனிதர் கப்பல் வேலையையெல்லாம் போட்டுவிட்டு நான் குளிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பினேன். சும்மா இல்லை, சத்தியம் பண்ணுகிற அளவுக்கு நம்பினேன். கடலில் கப்பல்கள் வரிசையாகக் காத்து நின்றால், நான் முதுகு தேய்க்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம் என்று எனக்குக் குற்ற உணர்ச்சியே வந்தது.

அப்போது ராயபுரத்தில், துறைமுக மதிலுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரம்மாவும் அவர் மகனும். பின்கட்டு மாடியில் நாங்கள் நாலு பேர். எங்கள் குளியலறையில் இரண்டடிக்கு ஒன்றரையடியில் ஒரு ஜன்னல். மூன்று கம்பி உண்டு, கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. அம்மா ஒரு துண்டைக் கம்பியில் போட்டு வைப்பாள். கடற்காற்று அதை எடுத்து வாளியில் போட்டுவிடும். ஜன்னலில் நின்று பார்த்தால் எதிரே முன்கட்டின் மொட்டைமாடி, மாடியில் ஒரு புறாக்கூண்டு, கூண்டுக்கு மேலே தூரத்தில் கிரேனின் தலை.

வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டே சட்டம். "என் வூட்டு செவுத்துல ஒரு ஆணி எறங்கக் கூடாது" என்பது முதல் சட்டம். ஜன்னலை மூடக் கூடாது, மூடினால் சுவர் ஊறிப்போகும் என்பது இரண்டாவது. முதல் சட்டத்தால் எங்கள் வீட்டில் இயேசு படமே பீரோ மேல் சாய்ந்துதான் இருந்தது. அவரும் எங்களோடு வாடகைக்குத்தான் இருந்தார்.

கிரேன் விஷயத்தை எனக்குச் சொன்னது அக்கா. ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் என்னைக் குளியலறைக்குள் இழுத்துப்போய் ஜன்னலுக்கு நேரே நிறுத்தினாள்.

"அந்தாண்ட கிரேன் தெரியுதா? அதும் மண்டையில ஒரு கண்ணாடிப் பொட்டி கீது பாரு. அதுல ஒரு ஆளு குந்திகினு கீறான். நீ குளிக்கசொல்லோ அவனுக்கு எல்லாம் தெரியும்."

"எல்லாமா?"

"எல்லாம்."

அடுத்த மூன்று நாள் நான் குளிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒண்டி உட்கார்ந்து, தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வருவேன். நாலாம் நாள் அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். "இன்னாடா, கருவாட்டுக் கூடையாண்ட படுத்து எழுந்தா மாறி நாறுற?" என்று காதைத் திருகினாள். உண்மையைக் கக்கினேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "டாட்டா காட்டுடா நைனா, பாவம், அந்தாளும் எத்தினி நேரம் இரும்பையே பாத்துகினு கெடப்பாரு" என்றார்.

சிரிக்காதவள் அக்கா ஒருத்திதான். "அவங்க கெடக்கறாங்க. நாம அத மூடிரலாம். வுட்றாதடா" என்றாள். நான் விடவில்லை. அவள் மட்டும் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, விளக்குக்கூடப் போடாமல் இருட்டில் குளித்துவிடுவாள். பூசைக்குப் போகத்தான் அப்படி எழுந்திருக்கிறாள் என்று தெருக்குழாயடியில் அம்மா பெருமை பேசினாள். எங்கள் வீட்டில் ஒரு கன்னியாஸ்திரி உருவாகிறாள் என்று நானும் நினைத்தேன்.

முதலில் மைதா காய்ச்சி, கம்பிகள் மேல் செய்தித்தாள் ஒட்டினோம். நாலு சொம்பு தண்ணீர் தெறித்ததும் அது உரிந்து என் தோளில் மாலையாக விழுந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எண்ணெய் தேய்த்த தலையில் தண்ணீர் ஒட்டுவதில்லை. பேப்பருக்கும் எண்ணெய் தேய்த்தால்? அக்கா டியூஷனுக்குப் போன நேரத்தில், வீட்டிலிருந்த தேங்காயெண்ணெய் அத்தனையையும் புதிய பேப்பரில் பூசி ஒட்டினேன். பஜ்ஜி மடித்துத் தரும் பேப்பரைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல ஜன்னல் முழுக்கப் பளபளவென்று ஆனது. கிரேன் முன்னைவிட அழகாகத் தெரிந்தது.

"இன்னா மாமு, உள்ளேர்ந்து சினிமா காட்டுறியா?" என்று எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரம்மாவின் மகன். நான் அவரைப் புறா அண்ணன் என்பேன். இருபது வயதிருக்கும். அவர் விசில் அடித்தால் முப்பது புறா ஒரே நேரத்தில் திரும்பும். என் கண்ணுக்கு அந்தத் தெருவிலேயே பெரிய மனிதர் அவர்தான். எனக்கு ஒரு கரணப்புறாக் குஞ்சு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவரிடம் கிரேன் ரகசியத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தா பாத்துட்டுப் போறான், வுடுறா. பேப்பரக் கிழிச்சுப் போடு, செவுரு ஊறிடும்" என்றார். நான் கிழிக்கவில்லை. சாயங்காலம் அவர் அம்மாவே மேலே வந்து கிழித்துவிட்டுப் போனார்.

டியூஷனிலிருந்து வந்த அக்கா வெறும் கம்பிகளைப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு பாட்டில் எண்ணெய்க்குப் போய் இப்படி யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தம்மா கிழிக்க முடியாத பேப்பர் நம்ம வூட்ல எதுனா கீதாடா?"

இருந்தது. மாதா படம் போட்ட கோவில் காலண்டர்களை வருஷம் முடிந்தாலும் அம்மா குப்பையில் போடமாட்டாள். டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். கெட்டியான, வழவழப்பான தாள். இருப்பதிலேயே பெரியதை உருவி, மூலைகளில் ஓட்டை போட்டு, சணல் கயிற்றால் கம்பியில் கட்டினேன். ஆணி இல்லை, பசை இல்லை. வெற்றி.

மறுநாள் காலை சோப்புப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், மாதா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கிரேன்காரராவது தூரத்தில் இருந்தார். நுரையோடு கூடத்துக்கு ஓடிவந்தேன்.

அக்கா பதறவில்லை. "அதுக்கு இன்னா, திருப்பிக் கட்டு. மாதா வெளிய பாக்கட்டும்" என்றாள்.

திருப்பிக் கட்டி அரை மணி நேரம் ஆகியிருக்காது, படிக்கட்டு அதிர வீட்டுக்காரம்மா வந்தார். "அடப் படுபாவி! மாதாவ எங்கடா கட்டி வெச்சிகினு கீற?" நேரே குளியலறைக்குள் போனார். கிழிக்க நீட்டிய கை பாதியில் நின்று, நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அக்கா குளியலறை வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, கிழிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி அந்தப் படத்தத் தூக்கிப் பாருங்க. மாதா எத்தப் பாத்துகினு கீறாங்கன்னு பாருங்க."

வீட்டுக்காரம்மா படத்தின் அடி ஓரத்தைத் தூக்கி வெளியே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எதிர் மாடியில் புறாக்கள் சடசடவென்று எழும்பின. அவர் வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. என்னைத் திட்டவில்லை. அக்காவின் தலையில் கை வைத்தார். "எத்தினி நாளா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் அவர் இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் முன்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது.

மறுநாள் காலையில் ஆசாரி வந்தார். வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, தன் சுவரில் தானே நாலு ஆணி அடிக்கச் சொன்னார். மரச்சட்டத்தில் உள்ளே பார்க்க முடியாத பூப்போட்ட கண்ணாடி. காற்றுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. படம் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பியது. புறாக்கூண்டு மொட்டைமாடியின் மறுகோடிக்குப் போனது. எனக்குக் குஞ்சு கிடைக்கவில்லை. புறா அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கிரேன்காரர்தான் என்று ரொம்ப நாள் கருவிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை எங்கள் சொந்தத்தில் நான் சொல்லாத கல்யாணம் கிடையாது. போன மாதம் திருவொற்றியூரில் அக்கா மகளுக்கு வாடகை வீடு பார்க்கப் போனோம். எண்ணூர்ப் பக்கம் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அக்கா சமையலறையைப் பார்க்கவில்லை, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கவில்லை. நேரே குளியலறைக்குள் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவள் மகளிடம் கிரேன் கதையை ஆரம்பித்தேன். நான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்ட ஒன்றையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்: நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவரும் முன்பே அந்தக் கிரேன் ஓட்டம் நின்று, அதன் கண்ணாடிப் பெட்டி பூட்டிக் கிடந்தது.

"அது எனக்கு அப்பவே தெரியும்டா" என்றாள் அக்கா, ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

"அப்பாகிட்ட சொல்லியிருந்தா வெட்டுக்குத்து ஆயிருக்கும். வூடு போயிருக்கும், என் படிப்பும் போயிருக்கும். நீ சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அதான் உன்ன வுட்டேன்."

கிரேனில் ஆளே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தது புறா அண்ணன். என்னை அல்ல.