பின் சீட்டில் ஏறிய கார்

திருநெல்வேலியிலிருந்து மலேசியாவின் மலாக்காவுக்குப் படிக்க வந்த முதல் வருடம். தங்கியது அலோர் காஜாவில், பல்கலைக்கழகமோ டுரியான் துங்காலில்.

பரீட்சை நாளன்று காலையில் கொட்டும் மழை. செல்போனில் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு ரொட்டிக்கடை வாசலில் ஒதுங்கினேன். வெள்ளை நிற மைவி கார் வரும் என்று செயலி காட்டியது. இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் வெள்ளை மைவிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒன்று வந்து நின்றதும், நம்பரைப் பார்க்காமல் பின் கதவைத் திறந்து ஏறினேன். ஓட்டுநர் சீட்டில் ஒரு தமிழ் அக்கா.

"யுனிவர்சிட்டிக்குப் போங்க. எக்ஸாம் இருக்கு, சீக்கிரம். ஏசியக் குறைங்க."

அக்கா கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏசியைக் குறைத்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

பாதி வழியில் போன் அடித்தது. நான் கூப்பிட்டிருந்த டிரைவர். கடைவாசலில் காத்திருக்கிறாராம்!

அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அக்கா, அப்ப நீங்க?" என்றேன்.

"நான் சிம்பாங் அம்பாட் போறவ. ரொட்டி வாங்க நிப்பாட்னேன்."

அது நேர் எதிர்த்திசை. "முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொன்னா எறங்கி மழையில நிப்பேல்ல. பேசாம படி."

கேம்பஸ் வாசலில் இறங்கிக் கைகூப்பினேன். ஜன்னலை ஏற்றப் போனவர் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்குச் சாப்பிட வா. நானே வந்து ஏத்திக்கிறேன். ஆனா முன்னாடி ஒக்காரணும். நான் என்ன டிரைவரா?"

இன்றுவரை முன் சீட்டில்தான் உட்கார்கிறேன். நான் ஏறியதும், கேட்காமலே, அக்காவின் கை ஏசியைக் குறைக்கப் போகிறது.